இளைஞர் திட்டங்களுக்கு நிதி தரும் தன்னார்வக் குழு: தொடங்குவது முதல் நடத்துவது வரை

பள்ளியிலோ தெருவிலோ ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்த்து, அதைத் தாங்களே சரிசெய்யக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் முட்டிக்கொள்வது பணத்தில். அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சின்னத் தொகைதான். அந்தச் சின்னத் தொகைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பெரிய அறக்கட்டளைகள் பதிவு பெற்ற அமைப்பு இருக்கிறதா, தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா என்று கேட்கும். இத்தனை சிறிய தொகைக்கு ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதே அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்தும் குழுவால் இந்த இடத்தில் எளிதாக நுழைய முடியும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2009இல் பாஸ்டனில் தொடங்கிய ஆவ்சம் ஃபவுண்டேஷன் இதற்கு நல்ல உதாரணம். பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். சேரும் 1,000 டாலரைத் தங்களுக்குப் பிடித்த ஒரு யோசனைக்கு நிபந்தனை ஏதுமின்றிக் கொடுத்துவிடுவார்கள். இன்று பல நாடுகளில் அதே பாணியில் குழுக்கள் நடக்கின்றன. சுற்றுச்சூழல் பணிகளுக்குச் சிறு நிதி தர 1993இல் தொடங்கிய குளோபல் கிரீன்கிராண்ட்ஸ் ஃபண்டில், யாருக்குப் பணம் போக வேண்டும் என்று பரிந்துரைப்பவர்கள் அந்தந்தப் பகுதியை நன்கு அறிந்த தன்னார்வ ஆலோசகர்கள். 2010இல் உருவான ஃப்ரீடா இளம் பெண்ணிய நிதியம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே விண்ணப்பித்த குழுக்களே மற்ற விண்ணப்பங்களைப் படித்து வாக்களிக்கின்றன.

அப்படியொரு குழுவைத் தொடங்க நினைக்கும் சாதாரண ஆட்களுக்காக எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. இளைஞர்களிடம் பணத்தைவிடக் குறைவாக இருப்பது காலம். தேர்வு வரும், படிப்பு முடியும், குடும்பம் வேறு ஊருக்குப் போகும், கூட்டாளிகள் பிரிவார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் எழுந்த யோசனைக்கு ஆண்டு முடியும்போது பணம் வந்தால், அதை வாங்கிக்கொள்ளவே ஆள் இருக்காது. அதனால் ஒவ்வொரு விதியை எழுதும்போதும் 'இது அவர்களுடைய எத்தனை நாளைத் தின்னும்?' என்று கேட்டுப் பாருங்கள்.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

ஐந்துக்குக் குறையாமல் பன்னிரண்டுக்கு மிகாமல் இருந்தால் நல்லது. ஐந்துக்குக் கீழே போனால் ஒருவர் வெளியூர் போனாலே கூட்டம் நின்றுவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் எல்லோருக்கும் பொருந்தும் தேதியைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

யாரைச் சேர்ப்பது? பணம் போடக்கூடியவர்களை மட்டும் தேடாதீர்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், இளைஞர்களோடு தினமும் பழகும் ஒருவர் (ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், நூலகர் யாராகவும் இருக்கலாம்), அரசு அலுவலகங்களில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அறிந்த ஒருவர் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதிகம் கொடுப்பவருக்கு அதிக வாக்கு என்ற பேச்சே எழக் கூடாது. ஆளுக்கு ஒரு வாக்கு, எவ்வளவு போட்டாலும். இதை முதல் நாளே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் பெரிய தொகையோடு ஒருவர் வந்து நின்ற பிறகு இதைச் சொல்வது சங்கடம்.

படி 2: பணம் எங்கே இருக்கும்?

பலர் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. யாரோ ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் எல்லோரும் பணம் போடுவார்கள். அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனாலும் வரி கேள்வி வரும். அவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போகலாம். வீட்டுப் பணமும் பொதுப் பணமும் கலந்துபோகும். இரண்டு வழிகள்தான் பாதுகாப்பானவை. ஒன்று, நீங்களே சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்வது. இதற்கு நாள் பிடிக்கும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, ஏற்கெனவே பதிவு பெற்று, ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஓர் அமைப்பிடம் போய், 'எங்கள் பணத்தைத் தனிக் கணக்குத் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சொல்லும் இடத்துக்குக் கொடுங்கள்' என்று கேட்பது. இதற்கு அவர்கள் ஒரு சிறு சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

தொடங்கும் குழுவுக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. பதிவு வேலையில் ஆர்வம் தீர்ந்துபோகும் குழுக்கள் நிறைய.

ஆனால் அந்த அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், நாம் முடிவெடுத்த பிறகு எத்தனை நாளில் பணம் போகும், அவர்கள் எதற்கெல்லாம் மறுக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'எத்தனை நாளில்' என்பதை விட்டுவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு வேகமாக முடிவெடுத்தாலும் காசோலை அவர்களுடைய மேசையில் தூங்கும்.

பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதற்கும் வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவதற்கும் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் உண்டு. சில இடங்களில் முன் அனுமதி இல்லாமல் வாங்கினாலே குற்றம். உறுப்பினர்களின் சொந்தப் பணத்தோடு தொடங்குங்கள். வெளியில் கை நீட்டுமுன் விவரம் தெரிந்த கணக்காயர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

படி 3: எதற்குக் கொடுப்போம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுவது

'சமூக மாற்றம்' என்று மட்டும் எழுதினால் எல்லாம் வரும்: கல்விச் சுற்றுலா, கிரிக்கெட் மட்டை, ஒருவருடைய மேற்படிப்புக் கட்டணம். வயது, இடம், வகை, தொகையின் உச்சவரம்பு ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். ஐக்கிய நாடுகள் சபை தன் புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்று கணக்கிடுகிறது. நீங்களும் அதையே வைக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஏதாவது ஒரு வரம்பு வேண்டும். வைக்காவிட்டால், முப்பத்தைந்து வயதுக்காரர் நடத்தும் அமைப்பு ஒன்று நான்கு மாணவர்களின் படத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அப்படி வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிறார் பங்கேற்பு குறித்து ராஜர் ஹார்ட் என்பவர் உருவாக்கிய ஏணியை யுனிசெஃப் 1992இல் வெளியிட்டது. அதற்கு எட்டுப் படிகள். கீழே உள்ள மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கருதவில்லை: பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குச் சிறாரைப் பயன்படுத்துவது, மேடை அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. பலரும் கவனிக்காதது மேல்படியை. இளையவர்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது ஏழாவது படிதான். அவர்கள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதைத்தான் அவர் எட்டாவதாக வைத்தார். அதனால் விண்ணப்பத்தில் ஓர் ஆசிரியர் பெயரைப் பார்த்தவுடன் சந்தேகப்பட வேண்டாம். 'இந்த யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது? பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்தீர்கள்?' என்று நேரில் கேளுங்கள். பதிலுக்கு மாணவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

தொகை பற்றி ஒரு வார்த்தை. ஒரே திட்டத்துக்குப் பெரிய தொகை கொடுப்பதைவிடப் பல திட்டங்களுக்குச் சிறு தொகை கொடுப்பதையே தொடக்கத்தில் பரிந்துரைப்பேன். சிறு தொகை என்றால் இழந்தாலும் உங்களுக்குத் தூக்கம் கெடாது. அதனால் கேள்விகள் குறையும், முடிவு வேகமாகும். இளைஞர்களுக்கும் பெரிய தொகையின் பாரம் தலையில் ஏறாது.

படி 4: மேசையில் இளைஞர்களுக்கு இடம்

இளைஞர்களுக்கான பணத்தைப் பற்றி நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவதில் ஏதோ இடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையிலும் லாபம் உண்டு. எந்தத் திட்டம் உண்மையில் நடக்கும், எது விண்ணப்பத்தில் மட்டும் அழகு என்பது அதே வயதுக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது பாஸ்டன் நகர நிர்வாகம். பொதுமக்களே வரவு செலவில் முடிவெடுக்கும் முறை 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் தொடங்கியது. அதைப் பின்பற்றி 2014இல் பாஸ்டன் நகரம் தன் மூலதன நிதியிலிருந்து பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்பதை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வாக்குக்கு விட்டது. ஒரு நகரமே பத்து லட்சம் டாலரை நம்பிக் கொடுத்திருக்கிறது. ஒரு கூட்டு நிதியின் சிறு தொகையில் பதினேழு வயதுக்காரருக்கு வாக்குக் கொடுக்க நாம் தயங்கினால் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பாதி இடங்களாவது இளைஞர்களுக்கு இருக்கட்டும். ஒரே ஓர் இளைஞரை மட்டும் சேர்ப்பது அவருக்குத் தண்டனை: எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பி 'இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள்?' என்று கேட்கும். இருவர் மூவராக இருந்தால்தான் தங்களுக்குள்ளும் மாறுபட்டுப் பேசுவார்கள். அவர்களிடம் பங்குப் பணம் கேட்கக் கூடாது. கூட்டத்துக்கு வரும் பயணச் செலவையும் குழுவே தர வேண்டும், அதுவும் கேட்காமலே. பள்ளி நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். அப்புறம், தன் நண்பரின் விண்ணப்பம் வரும்போது அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்ற விதி பெரியவர், இளையவர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

படி 5: விண்ணப்பம்

ஐந்து கேள்வி போதும்.

என்ன பிரச்சினை, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?
என்ன செய்யப் போகிறீர்கள்?
யார் யார் சேர்ந்து செய்கிறீர்கள்?
பணம் எது எதற்கு?
பணம் தீர்ந்த பிறகு என்ன நடக்கும்?

எழுதித்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, மூன்று நிமிட வீடியோவாக, கையெழுத்துத் தாளின் படமாக எப்படி வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கே எல்லா உதவியும் போய்ச் சேரும் நிலையை உடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு வழவழப்பான எழுத்துக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஒரு விண்ணப்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பதினாறு வயது மாணவிகள் ஐந்து பேர், பள்ளிக் கழிவறையில் மாதவிடாய் நாப்கின் பெட்டி வைக்க விரும்புகிறார்கள். கேட்கும் தொகையை நூறு பங்காக வைத்தால் பட்டியல் இப்படி இருக்கிறது: நாப்கின் 45, பூட்டுடன் பெட்டி 15, சுவரொட்டி 10, பயணம் 5, குழுப் பெயர் அச்சிட்ட டி-சட்டை 25.

பெரியவர்களின் கண் உடனே சட்டையில் போய் நிற்கும். 'பார்த்தீர்களா, கால்வாசிப் பணம் சட்டைக்கு!' என்று ஒருவர் சொல்வார். உடனே வெட்டிவிடாமல் கேட்டுப் பாருங்கள்: சட்டை இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்? 'படம் எடுக்க நன்றாக இருக்கும்' என்பது பதிலானால் அவர்களே வெட்டிவிடுவார்கள். 'சட்டை போட்டிருந்தால்தான் மற்ற வகுப்புகளுக்குள் போய்ப் பேச விடுகிறார்கள், இல்லாவிட்டால் வகுப்பை வெட்டிவிட்டுச் சுற்றுகிறோம் என்று திட்டு விழுகிறது' என்பது பதிலானால் அது நியாயமான செலவு. அவர்களுடைய பள்ளியை அவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டையில் மாட்டிக்கொண்டால் கவனிக்கத் தவறுவது வேறொன்று. இந்தப் பட்டியலில் கழிவுத் தொட்டி இல்லை. பயன்படுத்திய நாப்கின் எங்கே போகும், யார் எடுப்பார்கள்? துப்புரவுப் பணியாளரிடம் யாராவது பேசினார்களா? அதைவிடப் பெரிய கேள்வி: 45 பங்குப் பணம் தீர்ந்ததும் பெட்டியை யார் நிரப்புவார்கள்? ஐந்தாவது கேள்வியை வைத்ததே இதற்காகத்தான். இந்த இடங்களில் கேள்வி கேட்பதுதான் நிதிக் குழுவின் வேலை. விடை இல்லாவிட்டால் நிராகரிக்க வேண்டியதில்லை. 'தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்லுங்கள்' என்றால் போதும்.

படி 6: முடிவெடுக்கும் கூட்டம்

விண்ணப்பங்களைக் கூட்டத்துக்கு முன்பே எல்லோரும் தனித்தனியாகப் படித்து, 'ஆம், இல்லை, கேள்வி இருக்கிறது' என்று குறித்து அனுப்பிவிட வேண்டும். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் முதலில் பேசுபவரின் கருத்தே கூட்டத்தின் கருத்தாகிவிடும். கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் பேசட்டும், அதிகம் பணம் போட்டவர் கடைசியில். மூத்தவர் பேசிய பிறகு எதிர்த்துப் பேசும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. வரிசையை மாற்றினாலே அறையின் பேச்சு மாறிவிடுவதைப் பார்க்கலாம்.

நூறுக்கு எத்தனை மதிப்பெண் என்று அட்டவணை போடும் முறைமீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 71க்கும் 73க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிப்படைத் தகுதி உள்ளவற்றைப் பிரித்தெடுங்கள். எல்லோருக்கும் பிடித்தவற்றுக்குக் கொடுங்கள். நடுவில் நிற்பவற்றுக்குள் தேர்ந்தெடுக்க முடியாமல் இரவு பத்து மணி வரை இழுத்தால் சீட்டுக் குலுக்கிவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் கழகம் ஒருவகை ஆராய்ச்சி நிதியை, தகுதி பார்த்த பிறகு, குலுக்கல் முறையில் கொடுக்க 2013இல் தொடங்கியது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற சாய்வு அந்தக் கட்டத்தில் ஒழிகிறது.

விண்ணப்பம் வந்த நாளிலிருந்து பதில் போகும் நாள் வரை மூன்று வாரத்துக்கு மேல் ஆகக் கூடாது. 'இல்லை' என்ற பதிலும் அதே வேகத்தில் போக வேண்டும், உண்மையான காரணத்தோடு. 'இந்த முறை நிறைய நல்ல விண்ணப்பங்கள் வந்தன' என்ற வாக்கியம் யாருக்கும் உதவாது. 'மூன்று பள்ளிகளில் செய்வதாகச் சொன்னீர்கள், ஒரு பள்ளியில்கூட அனுமதி வாங்கவில்லை. ஒன்றில் வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றில் வாருங்கள்' என்று எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வேலை என்னவென்று தெரியும்.

படி 7: பணம் கைமாறும் இடம்

முன்பணமாகவே கொடுங்கள். 'செலவழித்துவிட்டு ரசீது கொண்டுவாருங்கள், பணம் தருகிறோம்' என்பது சம்பளம் வாங்குபவர்களுக்குச் சரி. கையில் காசில்லாத மாணவரிடம் அதைச் சொன்னால், அப்பாவிடம் கடன் வாங்க முடிந்த பிள்ளைகள் மட்டுமே திட்டம் நடத்துவார்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களால் பல நாடுகளில் தனியாக வங்கிக் கணக்கு வைத்து நடத்தவோ, சட்டப்படி செல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ முடியாது. அதனால் நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்படும். அவரை யார் தேர்ந்தெடுப்பது என்பது முக்கியம்: இளைஞர்கள்தான். அவருடைய வேலை பணத்தை வைத்திருந்து கேட்கும்போது கொடுப்பது; எதற்கு என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. இந்த வரியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இளைஞர்களின் குழுவுக்குள் செலவுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தால் தகராறும் குறையும், சந்தேகமும் குறையும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தொகை, நோக்கம், கால அளவு, மாற்றம் செய்ய வேண்டுமானால் யாரிடம் சொல்வது, மீதமானால் என்ன, பெற்றோர் ஒப்புதல். அவ்வளவுதான். பில்லை அன்றே போனில் படமெடுத்துப் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடச் சொல்லுங்கள். சிறு கடைகளில் பில் தரமாட்டார்கள். வெள்ளைத்தாளில் தேதி, பொருள், தொகை, கடைக்காரர் கையெழுத்து இருந்தால் சிறு தொகைகளுக்கு ஏற்பீர்களா என்பதைப் பணத்தை வைத்திருக்கும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தணிக்கையின்போது கேட்டால் காலம் கடந்துவிடும்.

படி 8: பக்கத்தில் நிற்பது, நடுவில் நிற்காமல்

பணம் கொடுத்த பிறகுதான் தன்னார்வலர்களுக்குக் கை பரபரக்கும். 'இதை இப்படிச் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று தோன்றும். தோன்றட்டும், சொல்ல வேண்டாம். பணம் கொடுத்தவர் சொல்லும் யோசனையை வாங்கியவர் கட்டளையாகத்தான் கேட்பார், நீங்கள் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் குழுவிலிருந்து இருவர் துணையாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு போன், அதில் இரண்டே கேள்வி: எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? நாங்கள் யாரிடமாவது பேச வேண்டுமா? இரண்டாவது கேள்விதான் தங்கம். இளைஞர்களின் திட்டங்கள் பணமில்லாமல் நிற்பதைவிட அனுமதி கிடைக்காமல் நிற்பது அதிகம். தலைமை ஆசிரியர், ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம், கூடத்தின் சாவி வைத்திருப்பவர் என்று எங்காவது ஓரிடத்தில் 'பெரியவர் யாரையாவது கூட்டிவா' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அங்கே உங்கள் வயதும் பதவியும் உதவும். கூடப் போங்கள், பேசுவது அவர்களாகவே இருக்கட்டும்.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர் ஒருவர் தனியாகச் சந்திக்கக் கூடாது. போன், அரட்டைச் செயலி எல்லாவற்றிலும் குறைந்தது இன்னொருவர் இருக்கும் குழுவில்தான் பேச்சு. இரவில் தனிச் செய்தி அனுப்பும் வழக்கமே வேண்டாம். துணை நிற்கும் தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்க உங்கள் பகுதியில் என்ன முறை இருக்கிறதோ அதைச் செய்துவிடுங்கள், அவர் உங்கள் பால்ய நண்பராகவே இருந்தாலும். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர்கள் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று உங்கள் குழுவுக்கு வெளியே உள்ளவராக இருப்பது நல்லது. படம் எடுத்துப் பகிர்வதற்குப் பெற்றோர் சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வன்முறை, போதை, பாலியல் தொல்லை போன்ற விஷயங்களில் வேலை செய்யும் இளைஞர்களின் முகத்தைப் போடவே வேண்டாம். உள்ளூரில் யாரையோ எதிர்த்துத்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். உங்கள் முகநூல் பதிவு அவர்களை அடையாளம் காட்டிவிடும்.

படி 9: கணக்கும் அறிக்கையும்

பெரிய நிதி நிறுவனங்களின் அறிக்கைப் படிவத்தை நகலெடுத்துச் சிறு தொகைக்குக் கேட்பது அநியாயம். நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். குழுவில் ஒருவர் குறிப்பெடுக்கட்டும், அதுவே அறிக்கை. என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, யாருக்குப் பயன்பட்டது, திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள்? கணக்கு ஒரு பக்கம், பில் படங்களோடு.

செலவுத் தலைப்புகளுக்குள் இருபது சதவீதம் வரை கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிட்டால், அவர்கள் பொய்க் கணக்கு எழுத வேண்டிய தேவையே வராது. கணக்கில் ஓட்டை விழும் இடங்கள் பெரும்பாலும் திருட்டால் வருபவை அல்ல. பஸ் கட்டணம், மொபைல் டேட்டா, பிரிண்ட் எடுத்த காசு என்று யாரும் பட்டியலில் போடத் துணியாத சில்லறைச் செலவுகளால் வருபவை. 'இதர செலவு' என்று பத்தில் ஒரு பங்கை நீங்களே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

திட்டம் நடக்கவில்லை என்றால்? சில நடக்காது. அனுமதி மறுக்கப்பட்டிருக்கும், இருவருக்குள் சண்டை வந்திருக்கும், ஒருவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போயிருப்பார். செலவாகாத பணம் திரும்பி வரட்டும். செலவானதற்குக் கணக்கு வரட்டும். அதோடு சரி. அவர்களுடைய அடுத்த விண்ணப்பத்தின்போது இதைத் தூக்கிக் காட்டக் கூடாது. பணம் உண்மையிலேயே காணாமல் போயிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போதும் முதலில் அந்த இளைஞரோடும் அவர் நம்பும் ஒரு பெரியவரோடும் பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

படி 10: அடுத்த சுற்று

வருடத்துக்கு ஒரே சுற்று என்று வைக்காதீர்கள். மொத்தப் பணத்தை மூன்று நான்காகப் பிரித்து, தேர்வுக் காலங்களைத் தவிர்த்துச் சுற்றுகளை வையுங்கள். உதவி பெற்றவர்களில் ஓரிருவரை அடுத்த சுற்றின் தேர்வுக் குழுவுக்கு அழையுங்கள்; விண்ணப்பம் எழுதும்போது எந்தக் கேள்வி எரிச்சலூட்டியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இளைஞர் இடங்களுக்கு இரண்டு வருட வரம்பு இருக்கட்டும். பெரியவர்களுக்கும் ஏதாவது ஒரு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்தில் இருந்த அதே நான்கு பேர் பத்து வருடம் கழித்தும் உட்கார்ந்திருப்பார்கள், அதுவும் இளைஞர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு.

எல்லாக் குழுக்களும் என்றென்றும் நடக்காது. உறுப்பினர்கள் குறையலாம், பணத்தை வைத்திருந்த அமைப்பு மூடலாம். கணக்கை முடிக்கும்போது மீதித் தொகை யாருக்குப் போகும் என்பதைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கடைசியில் மனக்கசப்பு வராது. நான் சொல்வது இதுதான்: மீதம் இருப்பதை ஒரு கடைசிச் சுற்றாக அறிவியுங்கள், அந்தச் சுற்றில் வாக்குரிமை இளைஞர் உறுப்பினர்களுக்கு மட்டும். பெரியவர்கள் பில்களைச் சரிபார்த்து, கணக்கை மூடி, பணத்தை வைத்திருந்த அமைப்பிடம் ரசீது வாங்கிக்கொண்டால் போதும்.